நடுவுக்காரர் உட்கார்ந்த இருபது நாள்

ஆவுடைப்பேரியில் யாரையும் நிற்கவைத்துப் பேசும் வழக்கம் கிடையாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர், வழி கேட்டு வருகிறவர், சண்டைக்கு வருகிறவர், யாராக இருந்தாலும் முதலில் ‘உக்காருங்க’ என்றுதான் வாய் வரும். சண்டைக்கு வந்தவரே உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அதன்பிறகு எழுந்து நின்று சண்டையை ஆரம்பித்ததெல்லாம் உண்டு. அந்த நல்ல பழக்கம்தான் ஊரை அந்த ஆடி மாதம் படுத்தி எடுத்தது.

ஆடி மூன்றாம் செவ்வாய், நல்ல உச்சிப்பொழுது. பஜாரில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த கடையில் இ-சேவை மையம் நடத்துகிற தங்கபுஷ்பம், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், சாதிச் சான்று கேட்டவருக்கும் பிறப்புச் சான்று கேட்டவருக்கும் ஆதாரில் அப்பன் பேரைத் திருத்த வந்தவருக்கும் மாறிமாறித் தட்டிக்கொண்டிருந்தாள். புருசன் போய் ஆறு வருசம். கடை வைத்து ஒன்பது வருசம். அந்த ஒன்பது வருசமும் ஒரே கம்ப்யூட்டர்ப் பொட்டிதான். அன்றைக்குப் பொட்டி காய்ச்சல்காரப் பிள்ளைபோலக் கொதித்தது. அவள் அதன் தலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, வாய் நிறைந்த இரக்கத்தோடு, “ஏ அய்யா, நீயும்தான் ஒம்பது வருசமா நின்னுக்கிட்டே கெடக்கே. செத்த நேரம் உக்காரேன்” என்றாள்.

பொட்டிக்குப் பின்னால் வயரெல்லாம் நுழைகிற இடத்திலிருந்து, கூட்டமான பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவதுபோல, முதலில் ஒரு தோளும் அப்புறம் ஒரு காலுமாக, ஒருக்களித்தபடி ஒருவர் வெளியே வந்தார். தூசி நிறத்தில் சட்டை. வயசு முப்பதென்றும் சொல்லலாம், அறுபதென்றும் சொல்லலாம். உள்ளங்கையில் ரேகை ஒன்றுகூட இல்லாமல் ஆற்றுக்கல் மாதிரி தேய்ந்திருந்தது. சட்டையை உதறிவிட்டு, பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்தார். அங்கே இருந்தவர் நகர்ந்து இடம் விட்டார்.

“எந்த ஊரு?”

“இந்த ஊருதான்.”

“யாரு வீடு?”

“இந்தப் பொட்டி.”

“அப்படியா, சரி சரி. கூட்டம் இன்னைக்குச் சாஸ்தி” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இங்கே திரை வெள்ளையாக வெளுத்துவிட்டது. உள்ளே மின்விசிறி சுற்றியது. விளக்கெல்லாம் எரிந்தது. கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது கிளம்பியது, எங்கே போவதென்று தெரியாமல் நடுவழியில் நின்றது, பின்னால் வந்த எழுத்து அதன் முதுகில் முட்டிக்கொண்டது. பிரிண்டர் தாளை இழுத்து, யாரும் ஒன்றும் சொல்லாததால், வெள்ளைத்தாளாகவே திருப்பிக் கொடுத்தது. மவுசை நகர்த்தினால் அது நகர்ந்தது, அவ்வளவுதான். எல்லாம் உயிரோடு இருந்தன, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை அற்றுப்போன சொந்தக்காரர்கள் மாதிரி.

தென்காசியிலிருந்து மெக்கானிக் பெஞ்சமின் வந்தார். பொட்டியைப் பிரித்துப் பரப்பி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“ஒண்ணுலயும் குறை இல்லக்கா. ஆனா இதுல ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுக்குப் புரியாது. நீங்க சொல்லுதது பிரிண்டருக்குத் தெரியாது, பிரிண்டர் கேக்கது உங்களுக்குத் தெரியாது. நடுவுல ஒருத்தர் நின்னு இதை அதுக்குச் சொல்லி, அதை இதுக்குச் சொல்லி, இப்ப உன் முறை, இப்ப அவன் முறைன்னு பிரிச்சுவிடணும். எதை எந்த மூலையில வச்சோம்னு நெனப்பு வச்சிருக்கணும். தனக்குன்னு அவருக்கு ஒரு வேலையும் கெடையாது, அவரு இல்லாம ஒருத்தருக்கும் வேலை நடக்காது. அவருதான் அந்தா, பெஞ்சுல உக்காந்து டீ குடிக்காரே.”

“வேற ஆளைப் போட்டா?”

“போடலாம். ஆனா புதுசா வாரவரு வீட்டைக் கழுவிவிட்டுட்டுத்தான் உள்ள கால் வைப்பாரு. இருக்கதெல்லாம் போயிரும்.”

பெஞ்சமின் பொட்டியின் நெஞ்சுக்குள் இருந்த, எல்லாம் பதிந்துவைக்கிற தட்டை மட்டும் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோய் இன்னொரு பொட்டியில் மாட்டிப் பார்த்தார். அந்தப் பொட்டிக்குள் இருப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது யாரோ அடுக்கின பரண், எதை எங்கே வைத்தானென்று அடுக்கினவனைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். தட்டு திரும்பி வந்தது. அன்றிலிருந்து வெளியே வந்தவருக்கு ஊரில் நடுவுக்காரர் என்று பேராகிவிட்டது.

தங்கபுஷ்பத்தின் கவலை சாதிச் சான்றைப் பற்றியதல்ல. அவள் குடியிருந்த குளக்கரைத் தெருவில் முப்பத்தேழு வீடு. மூன்று வருசத்துக்கு முன்னால் கார்த்திகையில் குளம் உடைந்து தெருவுக்குள் வந்தபோது, அத்தனை வீட்டுப் பத்திரமும் தீர்வை ரசீதும் டிரங்குப் பெட்டிக்குள்ளேயே கரைந்து கூழாகிவிட்டன. அதற்கு முந்தின வருசம் வேலையில்லாத ஒரு மத்தியானம் அவளே வீடுவீடாகப் போய்க் கேட்டு வாங்கி, ஒவ்வொரு காகிதத்தையும் படமெடுத்துப் பொட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். இப்போது தெரு முழுக்கக் குளத்துப் புறம்போக்கு என்று கடிதாசி வந்திருந்தது. ஆவணி மூன்றாம் தேதி அதிகாரி பள்ளிக்கூடத்தில் வந்து உட்காருவார், சாயங்காலம் ஐந்து மணிக்குள் காகிதம் காட்டுகிற வீடு நிற்கும், காட்டாத வீடு நிற்காது. இருபது நாள்தான் இருந்தது. முப்பத்தேழு வீட்டுக் காகிதமும் பொட்டிக்குள் பத்திரமாக இருந்தது. எங்கே இருக்கிறதென்று அறிந்த ஒரே ஆள் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு டம்ளர் நீர்மோரைக் கொண்டுபோய் நீட்டினாள். “குடி தம்பி. குடிச்சிட்டு உள்ள போயிரு.”

அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். “தம்பின்னா என்ன வேலைங்க?”

“தம்பிக்கு வேலை என்ன வேலை. தம்பின்னா தம்பி.”

அதை அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, “கொஞ்சம் பொறுங்க அக்கா. ரெண்டு நாள் உக்காந்துட்டுப் போயிருதேன்” என்றார். அவர் ‘பொறுங்க’ என்று சொல்லி யாரும் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் கேட்டமாத்திரத்தில், எத்தனையோ மத்தியானங்களில் திரைக்கு முன்னால் காத்துக் கிடந்த அத்தனை பேருக்கும் அது பழகின குரலாக இருந்தது.

இரண்டு நாள் என்றவரை ஊர் சும்மா விடவில்லை.

முதலில் கோமதிநாயகத்தின் டீக்கடையில் ஆரம்பித்தது. காலை ஏழரை பஸ்ஸுக்கு முன்னால் இருபது பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள், கோமதிநாயகம் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டே ஆற்றுவார். நடுவுக்காரர் அடுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று, ஒரு வாய் இவருக்கு, ஒரு வாய் அவருக்கு, மறுபடி இவருக்கு என்று டம்ளர்களைச் சுற்றிவிட்டார். இருபது பேரும் தனக்குத்தான் முதலில் வந்தது என்று நம்பினார்கள், ஒருவர் டீயும் ஆறவில்லை, ஏழரை பஸ் ஏழரைக்கே போனது. “இம்புட்டு நாளா இந்த மனுசன் பொட்டிக்குள்ள என்னவே பண்ணிக்கிட்டிருந்தாரு” என்றார் கோமதிநாயகம். “இதைத்தாம்வே” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அடுத்து சலூனில் மூன்று தலையைச் சுற்றிச்சுற்றி வெட்ட வைத்தார். அதற்கடுத்து மேலத்தெருக் கோயில் கொடை அன்னதானத்தில் இரண்டு சமையல்காரர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் கையில் கரண்டி, மற்றவர் கையில் உப்புச் சட்டி. உப்பைத் தந்தால்தான் கரண்டியைத் தருவேன் என்று இவர், கரண்டியைத் தந்தால்தான் உப்பைத் தருவேன் என்று அவர். சாம்பார் அடிப்பிடித்து வாசனை வாசலுக்கு வந்துவிட்டது. பெரியவர்கள் நியாயம் பேசினார்கள், யார் மூத்த சமையல்காரர் என்று விசாரித்தார்கள். நடுவுக்காரர் யார் மூத்தவர் என்று கேட்கவே இல்லை. இரண்டையும் பிடுங்கித் தரையில் வைத்தார், கரண்டி இவருக்கு நூறு எண்ணும் வரை, அப்புறம் அவருக்கு என்றார். பந்தி நேரத்துக்குப் போட்டாயிற்று.

அதோடு அவர் ஊராளாகிவிட்டார். பேரன்பு என்று வந்துவிட்டால் ஆவுடைப்பேரிக்காரர்களுக்குக் கை நிற்காது. மேலத்தெருக்காரர்கள் பட்டுக்கரை வேட்டியும் நீலச் சட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். கோமதிநாயகம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெயிண்டால் அவர் பேரை எழுதித் தனியாகப் போட்டு வைத்தார். ரேஷன் கார்டு எடுத்துக் கொடுக்கலாம் என்று நாலு பேர் தங்கபுஷ்பத்தின் கடைக்கு வந்து, வந்த பிறகுதான் பொட்டி ஓடாது என்பது நினைவுக்கு வந்து, அதே பெஞ்சில் அசடு வழிய உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். குளக்கரைத் தெருக்காரர்கள் தெருக்கடைசியில் முப்பத்தெட்டாவது வீட்டுக்கென்று கயிறு கட்டி, அதில் ஓர் எலுமிச்சங்கன்றையும் நட்டு, “இது ஒமக்கு” என்றார்கள். புறம்போக்கு என்று கடிதாசி வந்த இடத்தில் இன்னொரு வீட்டுக்குக் கயிறு கட்டிய ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தெரியாது. சாயங்காலமானால் அவர் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன் ஐந்து இலையையும் எண்ணிவிட்டு வருவார்.

“தம்பி, நாள் போய்க்கிட்டே இருக்கு” என்பாள் தங்கபுஷ்பம்.

“நாளைக்குக் காலையில போயிருதேன் அக்கா. ஆறாவது இலை விட்டுட்டா போயிருதேன்.”

அவளுக்கு வைய வாய் வராது. அவருக்கு உட்காரக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே.

பன்னிரண்டாவது நாள் தண்ணி லாரி வந்தது. ஆடி காய்ந்து கிடந்ததால் நாலு நாளைக்கு ஒருதரம்தான் லாரி. குளக்கரைத் தெருவில் குடம் வைக்கும் வரிசையை நடுவுக்காரர்தான் பார்த்துக்கொண்டார். தங்கபுஷ்பம் பெஞ்சமினுக்குப் போன்மேல் போன் போட்டு அலுத்து, லாரி ஏறக்குறைய காலியான பிறகு வந்து சேர்ந்தாள். அவளுக்கு முன்னால் சொர்ணத்தாய் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. லாரியில் கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்தது, இன்னும் ஓரிரு குடத்துக்குமேல் வராது. தங்கபுஷ்பத்தின் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தங்கபுஷ்பம் அவர் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல், “தம்பி, எங்குடத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளிவிடேன்” என்றாள்.

அவர் அவளை ஒரு நிமிசம் பார்த்தார். உள்ளே இருந்த ஒன்பது வருசத்தில் அப்படி ஒரு சொல் அவர் காதில் விழுந்ததில்லை. பிறகு காலால் லேசாக அவள் குடத்தை முன்னே தள்ளினார். அந்தக் குடம் நிரம்பியது. சொர்ணத்தாய் குடத்தில் குழாய் இருமியது, காற்றுதான் வந்தது. அவள் குடத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முன்பெல்லாம் அவர் ஆளைப் பார்த்தால்கூடக் குடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். இப்போது குடத்தைப் பார்த்தாலும் அவருக்கு முகம் தெரிந்தது. இந்தக் குடம் சட்டை கொடுத்தவர் குடம், இந்தக் குடம் மோர் கொடுத்த அக்காவின் மச்சினர் குடம், இந்தக் குடத்துக்காரி ஒருநாளும் ஒன்றும் கொடுத்ததில்லை, பாவம், அதற்காகவே அவளுக்கு முதலில் விட வேண்டுமோ என்று குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் தண்ணீர் ரோட்டில் ஓடியது. டீக்கடையில் நாற்காலி கொடுத்த கோமதிநாயகத்தின் சிநேகிதர்களுக்கு மூன்று சுற்று வந்தது, மற்றவர்கள் டீயில் ஆடை விழுந்தது. சலூனில் ஒருவர் பாதி மீசையோடு இரண்டு நாள் அலைந்தார். ஊரே பழைய ஊரைவிட மோசமானது, ஏனென்றால் பழைய ஊருக்கு முட்டிமோதி வாங்கத் தெரியும், இந்தப் பன்னிரண்டு நாளில் அதுவும் மறந்துவிட்டது. எல்லாரும் கையை நீட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பதினேழாவது நாள் காலையில் அவரே எழுந்து கடைக்கு வந்தார். “போறேன் அக்கா” என்றார். பொட்டிக்குப் பின்னால் போய்த் தலையைக் குனிந்து ஒரு தோளை நுழைத்தார். நுழையவில்லை. மறு தோளை நுழைத்தார், பொட்டி மேஜையோடு நகர்ந்தது. வந்தபோது ஆள் எந்த அளவோ இப்போதும் அதே அளவுதான். ஆனாலும் மேஜைக்கால் முனகியது. அவர் வியர்த்தார். அதற்குமுன் அவர் வியர்த்ததை யாரும் கண்டதில்லை.

செய்தி கேட்டுத் தெரு கூடிவிட்டது. குளத்து மடையைத் திறந்து அடைக்கிற ஊய்க்காட்டானும் வந்தார். முப்பது வருசமாக வயலுக்குத் தண்ணீர் முறை வைக்கிறவர். அவருக்குக் குளத்துத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் ஒரு சாண் நிலம் கிடையாது, கீழத்தெருவில் குச்சில் குடிசை ஒன்றுதான், சாப்பாடு வீட்டு முறை வைத்து, இன்றைக்கு ஒரு வீடு நாளைக்கு ஒரு வீடு.

“ஆளை ஏத்திவிட்டிருக்கீக, லாரியில மூட்டை ஏத்துத மாதிரி” என்றார் ஊய்க்காட்டான். “எதுக்குவே எனக்குக் காணி இல்ல? வாங்கத் துப்பில்லாமலா? என் மாமனார் ரெண்டு மரக்கால் விதைப்பாடு நெலம் தாரேன்னு சொன்னாரு. இந்த ஊருப் பெரிய மனுசங்கதான் வேண்டாம்னு தடுத்தீக. மடை திறக்கவனுக்கு வயலு இருந்தா தண்ணி அங்கனதான் போவும்னீக. ஒரே வீட்டுல தொடர்ந்து சாப்பிடக்கூடாதுன்னீக. இப்ப நடுவுல நிக்க மனுசனுக்கு வேட்டி என்ன, நாற்காலி என்ன, எலுமிச்ச மரம் என்ன.”

“நல்லதுக்குத்தானே செஞ்சோம்” என்றார் கோமதிநாயகம்.

“எனக்கு ஏன் அந்த நல்லதைச் செய்யல?” என்றார் ஊய்க்காட்டான். பதிலுக்குக் காத்திராமல், “கொடுத்ததைக் கொடுத்தவங்களே திருப்பி வாங்குங்க” என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போனார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது ஆவுடைப்பேரியில் ஜென்மப் பகைக்காரர்கள்கூடச் செய்யாத காரியம். முதலில் யார் கேட்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இரண்டு நாள் போயிற்று. இருபதாவது நாள், ஆவணி மூன்று, காலையிலேயே அதிகாரி பள்ளிக்கூடத்தில் வந்து மேஜை போட்டுவிட்டார். அதன்பிறகுதான் கால் நகர்ந்தது. மேலத்தெருக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டார்கள், அவர் தூசிச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டார். கோமதிநாயகம் நாற்காலியில் இருந்த பேரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், துடைத்தபின் கண்ணையும் துடைத்துக்கொண்டார், எரிச்சல் தாங்காமல் இருக்கலாம். தெருக்கடைசியில் கயிற்றை அவிழ்த்தார்கள். எலுமிச்சங்கன்றைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் அவரே போய்ப் பிடுங்கிக் கொடுத்தார். அன்று அதில் ஆறு இலை இருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மறுபடி நுழைந்தார். தலை போயிற்று, தோள் போயிற்று, இடுப்புவரை போயிற்று. ஒரு முழங்கை மட்டும் வெளியே நின்றுகொண்டது. உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னும் ஒண்ணு இருக்கு அக்கா.”

கடை முழுக்க ஆட்கள். தங்கபுஷ்பம் சொர்ணத்தாயைத் தேடினாள், பெஞ்சோரமாகப் பிள்ளையோடு நின்றாள்.

“அன்னைக்கு லாரித் தண்ணி உன் முறை. நாந்தான் சொல்லித் தள்ளவிட்டேன்.”

“தெரியும் மதினி. பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்” என்றாள் சொர்ணத்தாய்.

“கேட்டிருக்கலாம்லா.”

“கேட்டா என்ன செய்வீக? தண்ணியைத் திருப்பி ஊத்துவீகளா?”

தங்கபுஷ்பம் பொட்டியின் பக்கம் திரும்பினாள். வெளியே தெரிந்த அந்த முழங்கையின் அருகில் வாயை வைத்துச் சொல்ல நினைத்தாள், ஆனால் அப்படிச் சொன்னால் அது ரகசியமாகிவிடும் என்று, நிமிர்ந்து நின்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள். “நான் உனக்கு அக்கா இல்ல. நீ எனக்குத் தம்பியும் இல்ல. நீ யாரோ, நான் யாரோ.”



“சரிங்க” என்றது குரல். முழங்கை உள்ளே போயிற்று. திரை கறுத்து, வட்டம் சுற்றி, விடிந்தது.

மணி மூன்றே கால். அவள் முப்பத்தேழு வீட்டுக் காகிதத்தையும் கேட்டாள், ஒரு கணத்தில் வந்து வரிசையாக நின்றன, எந்த மூலையில் வைத்திருந்தாரோ. நான்கு வருசத்துக்கு முன்னால் தெருமுனையிலிருந்து எந்த வரிசையில் படமெடுத்தாளோ அந்த வரிசை. முப்பத்தாறாவது சொர்ணத்தாய் வீடு. கடைசி வீடு தங்கபுஷ்பத்தினுடையது. பிரிண்டரோ கிழட்டுப் பிரிண்டர், ஒரு தாளுக்கு ஒரு மூச்சு விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்தாறு தாள். வெளியே வந்த கட்டை ஒருவர் வாங்கி அடுத்தவர் கையில் கொடுக்க, பள்ளிக்கூடம்வரை ஆள் நின்று, கைமாறிக் கைமாறி மேஜைக்குப் போனது. அதிகாரி அம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்து முத்திரை போடும் சத்தம் கடைவரை கேட்டது.

முப்பத்தைந்தாவது வீடு முடியும்போது மணி ஐந்துக்கு நான்கு நிமிசம். அப்போதுதான் திரையில் அது நடந்தது. பட்டியலின் அடியில் கிடந்த தங்கபுஷ்பத்தின் பேர், அவள் தொடாமலே, தண்ணீரில் கட்டை மிதந்து எழும்புவதுபோல மெல்ல மேலே வந்து, சொர்ணத்தாய் பேருக்கு முன்னால் போய் நின்றது. அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவர் முழுக்கக் காலியாகவில்லை, எங்கேயோ ஓர் ஓரத்தில் ஒரு டம்ளர் மோர் இன்னும் வற்றாமல் இருந்தது.

இருக்கிற நேரத்துக்கு ஒரு வீடுதான் வரும். பின்னால் பிள்ளை சிணுங்கியது. “சும்மா இருடா, நம்ம வீடு வருது” என்று சொர்ணத்தாய் சொன்னது கேட்டது.

தங்கபுஷ்பம் தன் வீட்டை நினைத்தாள். புருசன் கையால் வைத்த அடுக்களை அலமாரி, ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். பிறகு மவுசைப் பிடித்து, தன் பேரை அழுத்தி, இழுத்து, கீழே கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவள் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள், அது அடங்கும்வரை.

சொர்ணத்தாய் வீடு அச்சாகி, கைமாறி ஓடி, முத்திரை விழுந்தது. தங்கபுஷ்பத்தின் முதல் தாள் பாதி வெளியே வந்திருந்தபோது பள்ளிக்கூட மணி ஐந்து அடித்தது.

ஊர் திரண்டுபோய்க் கேட்டது. அதிகாரி அம்மாள் பேனாவை மூடிவிட்டு எழுந்திருந்தார், நாள் முழுக்க உட்கார்ந்து கால் வீங்கியிருந்தது. “உங்க ஒருத்தருக்காகத் திறந்தா, நேத்து அந்த ஊர்ல ரெண்டு நிமிசத்துக்காக மூடினதுக்கு நான் என்ன சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க” என்றார். ஊய்க்காட்டான் முதல் ஆளாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

புரட்டாசியில் தங்கபுஷ்பம் வீடு போயிற்று. முப்பத்தாறு வீட்டுக்காரர்களும் எங்கள் வீட்டில் வந்து இரு, எங்கள் வீட்டில் வந்து இரு என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் சாய்ந்த அலமாரியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்துவிட்டாள். அடுத்த தண்ணி லாரி வந்த அன்றைக்கு, தெருக்காரர்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, ஒருவரும் சொல்லிக்கொள்ளாமலே, அவள் முகத்தைப் பார்த்தார்கள். தெருவில் வீடில்லாத ஆள் அவள் ஒருத்திதானே. அவள் போய் நடுவில் நின்றாள். அதுமுதல் சாப்பாடும் வீட்டு முறையாகிவிட்டது. திங்கட்கிழமை சொர்ணத்தாய் வீடு. சொர்ணத்தாய் இரண்டாவது தரம் குழம்பு ஊற்ற வந்தால், தங்கபுஷ்பம் கையால் இலையை மறைத்துக்கொள்வாள்.

ஊய்க்காட்டான் ஊராரிடம் ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருக்கிறார், நடுவில் நிற்கிற ஆளை உட்காரச் சொல்லாதீர்கள் என்று. ஆவுடைப்பேரியில் இன்றைக்கும் வழிப்போக்கர் வந்தாலும் சண்டைக்காரர் வந்தாலும் உட்காரச் சொல்லுகிறார்கள். தண்ணி வரிசையில் நிற்கும்போது தங்கபுஷ்பத்தை மட்டும் யாரும் உட்காரச் சொல்வதில்லை. அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பொட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் மற்ற கடைப் பொட்டிகளைவிட கொஞ்ச நேரம் கூடவே வட்டம் சுற்றும். அவசரக்காரர்கள் முனகுவார்கள். “என்ன மதினி பொட்டி இது, எந்திரிக்க இம்புட்டு நேரமா?”

தங்கபுஷ்பம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லுவாள். “பொறுங்க. உள்ள ஒருத்தர் நீலச் சட்டையைக் கழத்திக்கிட்டு இருக்காரு.”